ஒரு சாண் இடுக்கு

“திரும்பச் சொல்லுங்க. யாரைக் கண்டுபிடிக்கணும்?”

“என்னைத்தான் சார்.”

“நீங்க காணாமப் போகலையே. எதிர்லதானே உக்காந்திருக்கீங்க?”

“விளையாடாதீங்க சார். தப்புப் பண்ணினது நான். அதை நிரூபிச்சுக் குடுங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள.”

நான் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினேன். மூன்று வருடமாகத் துப்பறிவாளரான என் சித்தப்பாவிடம் உதவியாளராக இருக்கிறேன். இந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அடுத்தவரைத்தான் கைகாட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரை, பங்காளியை, ஒருமுறை ஒரு கிளியை. தன்னையே கைகாட்டிய ஆள் இவர்தான் முதல்.

“சித்தப்பா, இது நல்ல கேஸ். ஆளைத் துரத்த வேண்டாம். பெட்ரோல் மிச்சம்.”

“வாலு, வாயை மூடு,” என்றார் சித்தப்பா. அது என் பெயர் இல்லை. ஆனால் அவர் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

வந்தவருக்கு அறுபதை நெருங்கும் வயது. சட்டை இஸ்திரி போட்டிருந்தது. கைகள் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தன. நகக்கண்களிலும் விரல் மடிப்புகளிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று ஒட்டிக் காய்ந்து, தோலோடு தோலாகியிருந்தது.

“என்ன வேலை உங்களுக்கு?” சித்தப்பா கேட்டார்.

“இடுக்கு அடைக்கிறது. காங்கிரீட் தளத்துல விரிசல் விடும். தளமும் சுவரும் சேர்ற இடம் வாய் பிளக்கும். அது வழியா தண்ணி வீட்டுக்குள்ள இறங்கும். அதையெல்லாம் அடைப்பேன். முப்பத்தோரு வருஷமா இதான். இடுக்குக்காரர்னு சொன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும்.”

“எதை வெச்சு?” எழுதிக்கொண்டே கேட்டேன்.

“துப்பாக்கி.”

பேனா நின்றது.

“பசை அடிக்கிற துப்பாக்கிம்மா. பயப்படாத.”

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு வீட்டில் வேலை. சரிவில் கட்டிய வீடு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பின்பக்கம் பார்த்தால் இரண்டு. பின்னால் மதில் சூழ்ந்த காங்கிரீட் தளம், அதை ஒட்டிக் கீழே ஓர் அறை. தளத்தின் இடுக்குகளை எல்லாம் இவர் அடைத்துவிட்டு வந்தார். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டிய மழையில் அந்தக் கீழறைக்குள் தண்ணீர் புகுந்தது. சாமான்களைக் காப்பாற்ற இறங்கிய வீட்டுக்காரர் உள்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகிவிட்டது. இனி நடப்பாரா என்பது அடுத்த வாரம்தான் தெரியுமாம்.

“மறுநாள் கேட் வரைக்கும் போனேன் சார். ஆஸ்பத்திரின்னு சொன்னாங்க. உள்ள போகக் கால் வரல. திரும்பிட்டேன்.”

“அஞ்சு மணிக்கு என்ன?”

“என் வண்டியை வாங்க ஆள் வர்றான். ஏணி, துப்பாக்கி, ட்யூபு, எல்லாத்தோடயும். நான் எங்க இருந்தாலும் அங்கயே வந்து எடுத்துக்கிறேன்னுட்டான். தப்பு என்னோடதுன்னா இந்தத் தொழிலை இன்னியோட விட்டுடறேன்.”

“அதான் உங்க தப்புன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களே,” என்றேன். “சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? நாங்க எதுக்கு நடுவுல?”

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

“போன மாசம் ஏதோ ஒரு வீட்டுல துப்பாக்கியை வெச்சுட்டு வந்துட்டேன். எந்த வீடுன்னு இன்னி வரைக்கும் ஞாபகம் வரல. ஒருநாள் என் மருமக பேரு பத்து நிமிஷம் நாக்குல வரவே இல்ல. அந்தத் தளத்துல எதை அடைச்சேன், எதை விட்டேன்னு யோசிச்சா புகை மாதிரி இருக்கு. தெரியாமலே வித்துட்டா, மிச்ச நாள் பூரா அதையே யோசிச்சுட்டுக் கெடப்பேன் சார். போனது கையா, தலையா? அதை மட்டும் சொல்லுங்க. போதும்.”

நான் சிரிப்பதை நிறுத்தினேன். சித்தப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். இரண்டே முக்கால் மணி.

*

அந்த வீட்டை அடைந்தபோது மூன்றரை. எங்கள் காருக்குப் பின்னால் தன் வண்டியை நிறுத்திய இடுக்குக்காரர், இறங்காமல் ஸ்டியரிங்குக்குக் கீழே பாதி மறைந்துகொண்டார். வண்டியின் பக்கவாட்டில் அவர் தொழில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஒளிவதற்கு நல்ல இடம்தான்.

கதவைத் திறந்த அம்மாள் கையில் ஃப்ளாஸ்க்கோடு கிளம்பத் தயாராக இருந்தார். விழுந்தவரின் மனைவி. சித்தப்பா விஷயத்தைச் சொன்னதும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்த மனுஷன் மேலயா சந்தேகப்படறீங்க? அவர் என்ன பண்ணினார் பாவம்? தப்பு என்னோடது. தளத்தை அடைங்க அடைங்கன்னு நச்சரிச்சது நான். கீழ இறங்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் கேட்டிருப்பார். நான் அடுப்பை அணைச்சுட்டு வர்றதுக்குள்ள...”

நான் குறிப்பேட்டில் ‘இரண்டு’ என்று எழுதினேன்.

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“அவரா? தப்பு அவரோடதாம். மூக்குக்கண்ணாடி போடாம இறங்கிட்டாராம். என்னைப் பாக்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேக்கறார்.”

‘மூன்று.’

“சித்தப்பா,” அவர் காதருகே போனேன். “இந்தக் கேஸ்ல குற்றவாளிங்க வரிசையில நிக்கறாங்க. டோக்கன் குடுத்துடலாமா?”

“வரிசையில யார் நிக்கலைன்னு பாரு,” என்றார் அவர்.

அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “கீழ என் நாத்தனார் இருக்கா. தெருவுக்கே தையலக்கா. அவ அறைதான் முழுகினது. கொஞ்சம் பதமாப் பேசுங்க. அன்னிலேருந்து அவ சரியாச் சாப்பிடறதும் இல்ல, ஆஸ்பத்திரிக்கு வந்தா அண்ணன் முகத்தைப் பாக்கறதும் இல்ல. மின்விசிறியையே பாத்துட்டு உக்காந்திருக்கா.”

*

உள்படிகள் பதினொன்று. ஏழாவது படியில் சித்தப்பா நின்று, கைப்பிடியில் சாய்ந்து, சட்டையோடு ஏதோ மல்லுக்கட்டினார்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. நட.”

கீழறை முழுவதும் காகிதம். சட்டைக் கைகளாகவும் கழுத்துகளாகவும் பாவாடைத் துண்டுகளாகவும் வெட்டிய பழுப்புக் காகிதங்கள் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் அளவு. தண்ணீர் ஏறிய உயரம் வரைக்கும் ஒவ்வொரு காகிதமும் ஒரே கோட்டில் கறுத்திருந்தது. நடுவே மேசையில் ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், ஒரு முதுகுப் பகுதியைத் துணி போட்டு இஸ்திரி செய்துகொண்டிருந்தார்.

“முப்பது வருஷ அளவு,” எங்களைப் பார்க்காமலே சொன்னார். “பாதிப் பேருக்கு இப்போ இந்த அளவு இல்ல. இருந்தாலும் தூக்கிப் போட மனசு வராது. இதுக்காகத்தான் அண்ணன் இறங்கினார்.”

“விழுந்தது எப்போ?”

“நான் கூப்பிட்டப்போ.” இஸ்திரிப் பெட்டி நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது. “பின்பக்கக் கதவு திறந்துதான் இருக்கு. பாத்துக்கோங்க.”

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. என் குறிப்பேட்டில் மூன்றுக்குக் கீழே இடம் காலியாகவே இருந்தது.

பின்கதவுக்கு வெளியே அந்தத் தளம். நான்கு பெரிய காங்கிரீட் பலகைகள். அவற்றின் நடுவில் கூட்டல் குறி மாதிரி சாம்பல் நிற அடைப்பு. வீட்டுச் சுவரை ஒட்டி இன்னொரு நீளமான கோடு. மூன்று பக்கமும் இடுப்பளவு மதில். சித்தப்பா கைக்குட்டையை விரித்து, அதன் மேல் முழங்கை ஊன்றிக் குப்புறப் படுத்தார்.

“தூங்கறீங்களா?”

“சுவரைப் பாரு. என்ன தெரியுது?”

“சுவர் தெரியுது.”

“அதுல?”

பார்த்தேன். வீட்டுச் சுவரிலும் மதில்களிலும் சுற்றிலும் ஒரே உயரத்தில் மெல்லிய மண்கோடு. கதவு நிலைப்படிக்கு இரண்டு விரற்கடை மேலே.

“தண்ணி நின்ன தடம்,” என்றேன்.

“அவ்வளவு உயரம் நின்னிருக்கு. இடுக்கு ஒழுகியிருந்தா நிக்குமா? வர வர இறங்கியிருக்கும். ஓட்டை விழுந்த வாளியை நீ எப்பவாவது நிரப்பியிருக்கியா?”

நான் யோசித்தேன். அவர் யோசிக்க விடவில்லை.

“போய் உன் இடுக்குக்காரரை இழுத்துட்டு வா.”

இழுக்கத்தான் வேண்டியிருந்தது. உயரமான படி வைத்த மதிலோரக் கேட் வழியாகக் கூட்டி வந்தேன். கூட்டல் குறியைக் கண்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணைத் திறங்க. உங்க அடைப்பு ஒரு சொட்டுக்கூட விடல,” சித்தப்பா சொன்னார். “தளம் தொட்டி மாதிரி நிறைஞ்சு, நிலைப்படி தாண்டிக் கதவு வழியாத்தான் உள்ள போயிருக்கு. உங்க வேலை கெட்டதால வந்த வினை இல்ல இது. அவ்வளவு நல்லா இருந்ததால வந்தது.”

இடுக்குக்காரர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடி சுருங்கியது.

“அப்போ நான்தானே சார்?”

“இவரை விடுதலை பண்றது ரொம்பக் கஷ்டம் சித்தப்பா,” என்றேன்.

“இரு. வழக்கமா இந்தத் தண்ணி எப்படி வெளிய போகும்?”

“தளம் அந்த மூலைக்குத்தான் சரியும். மதிலடியில ஒரு சாண் நீளத்துக்கு, ஒரு விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு இருக்கும். கட்டும்போது விட்ட வழி. குழாயெல்லாம் கிடையாது. பாத்தா இன்னொரு விரிசல் மாதிரியே இருக்கும். அதை அடைக்கக் கூடாது. அதை நான்...” அவர் நிறுத்தினார். “அதை நான் விட்டேன். விட்டேன்னுதான் நெனைக்கிறேன்.”

மூலையில் ஒரு பெரிய சிமெண்ட் பூந்தொட்டி நின்றது. சித்தப்பா அதைப் பார்க்கவில்லை. அதற்கு நாலடி தள்ளி, வெறும் தரையில் இருந்த ஒரு வட்டக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியின் அடிப்பாகத்துக்கு அளவெடுத்த மாதிரி வட்டம்.

“அங்க இருந்த தொட்டி இங்க நடந்து வந்திருக்கு,” என்றார். “வாலு, ஒரு கை குடு.”

மூவரும் சேர்ந்து நகர்த்தினோம்.

இடுக்கு அடைத்திருந்தது. சாம்பல் நிறப் பசை, ஒரு சாண் நீளம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

இடுக்குக்காரர் தரையில் உட்கார்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதைத் தொடவில்லை.

“அடைச்சிருக்கேன்,” என்றார் மெதுவாக. “கைப்பழக்கத்துல இதையும் அடைச்சுட்டுப் போயிருக்கேன். ஞாபகமே இல்ல. அப்போ தலைதான்.”

பையிலிருந்து போனை எடுத்தார். வண்டி வாங்க வருகிறவனுக்குத்தான். என்னால் அவர் பக்கம் பார்க்க முடியவில்லை. ஆபீஸில் அவரை வைத்துக் கிண்டலடித்த ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து என் முகத்தில் விழுந்தது. நாலு மணி இருபது நிமிடம்.

“போனை வைங்க,” என்றார் சித்தப்பா. அவர் மூக்கு பசையைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. “வாலு, இது என்ன, புள்ளி புள்ளியா?”

குனிந்தேன். பசையின் மேல் சின்னச் சின்னப் புடைப்புகள். வியர்க்குரு மாதிரி.

“மழைத்துளி. காயறதுக்குள்ள மழை பேஞ்சிருக்கு.”

“மழை கோடு போட்டு விழுமா? நாலு நாலா, வரிசையா?”

“ஒழுக்கமான மழையா இருக்கலாம்.”

“இடுக்குக்காரரே, இதை எதை வெச்சு வழிப்பீங்க?”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தார். தேய்ந்து மெலிந்து, காம்பு வளைந்த பழைய ஸ்பூன். “சோப்புத் தண்ணியில முக்கி, பின்பக்கத்தால ஒரே இழுப்பு. இதுவும் வண்டியோடதான் போகுது.”

“அங்க இழுத்ததைக் காட்டுங்க.”

கூட்டல் குறிக்குப் போனோம். அந்த அடைப்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக, நடுவில் லேசாகக் குழிந்து, முடிகிற இடத்தில் ஒரு சுண்டு சுண்டி விட்டதுபோல் மெலிந்து மறைந்தது. ஓர் ஓவியரின் கையெழுத்து மாதிரி இருந்தது. எல்லாக் கோடும் அப்படியே முடிந்தது.

திரும்பி மூலைக்கு வந்தோம். இங்கே அந்தச் சுண்டு இல்லை. கடைசிக்கு வந்த பசை, அங்கிருந்து ஓர் அங்குலம் வந்த வழியே திரும்பி, மறுபடி முன்னால் போய் நின்றிருந்தது. ஆரம்பத்திலும் அதே. இரண்டு முனையும் தடிமனாக, பூட்டுப் போட்ட மாதிரி. பசையின் இரு ஓரங்களுக்கும் அடியில் கரையாமல் மிஞ்சிய மெல்லிய நீலக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தது.

இடுக்குக்காரர் ஸ்பூனைத் தரையில் வைத்துவிட்டு இப்போது அதைத் தொட்டார். கட்டைவிரலால் அமுக்கினார். நகத்தால் ஓரத்தைக் கிளறி உள்ளே பார்த்தார். அவர் தோள்கள் மெல்ல மெல்ல இறங்குவதை நான் பார்த்தேன்.

“நுரைக்கயிறு இல்ல,” என்றார். “உள்ள நுரைக்கயிறு திணிக்காம நான் எந்த இடுக்கையும் மூடினதில்ல சார். இது என் கை இல்ல. என் கையே இல்ல.” நகத்தில் ஒட்டியதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “ஆனா என் பசை.”

“உங்க துப்பாக்கியும்தான்னு நெனைக்கிறேன்,” என்றார் சித்தப்பா. “நீங்க கொஞ்ச நேரம் வண்டியில போய் உக்காருங்க.”

அவர் போனதும் நான் கேட்டேன். “யாரு?”

சித்தப்பா பின்கதவுப் பக்கம் திரும்பினார். கண்டுபிடித்துவிட்ட நாட்களில் அவர் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். இன்றைக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தார்.

*

“ஒரு சின்ன உதவி,” கீழறைக்குள் நுழைந்ததும் சித்தப்பா சொன்னார். “சட்டைப் பட்டன் ஒண்ணு வந்துடுச்சு. இப்படியே நாலு பேரைப் பாக்கக் கூச்சமா இருக்கு.”

தையலக்கா அவரை ஒரு கணம் பார்த்தார். பட்டனை வாங்கிக்கொண்டார். ஊசியில் நூல் கோத்து, நடுவிரலில் ஒரு சின்ன உலோகத் தொப்பியை மாட்டினார். ஊசியின் காது விரலைக் குத்தாமல் இருக்க மாட்டுவது. அதன் மேல் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், ஈரப் பசையில் அழுத்தினால் புடைப்பாகப் பதிகிற அச்சு மாதிரி. நாலு நாலாக, வரிசையாக.

நான் பேனாவை மூடிப் பையில் போட்டேன்.

சித்தப்பா நின்றபடியே இருக்க, அவர் பட்டனைத் தைத்தார். முடித்ததும் நூலை அறுக்கவில்லை. ஊசி வந்த வழியே திரும்பிப் போய், மறுபடி வந்து, அப்புறம்தான் அறுத்தார்.

“ஏன் திரும்பிப் போகுது?” சித்தப்பா கேட்டார்.

“அப்படிப் பூட்டலைன்னா முனை பிரிஞ்சுடும். மெஷின்ல ஓட்டினாலும் அப்படித்தான். ஆரம்பத்துல ஒரு தரம், முடிவுல ஒரு தரம்.” மேசையில் கிடந்த நீலச் சுண்ணக்கட்டியை எடுத்துக் கையில் உருட்டினார். “பட்டனை நீங்களே பிச்சுட்டு வந்தீங்களா?”

“ஆமா. ஏழாவது படியில.”

“நூல் அறுந்த விதத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது. தானா விழற பட்டன்ல நூல் அப்படி அறுந்திருக்காது.”

“தெரிஞ்சும் தைச்சீங்களே?”

“யாராவது கேக்கட்டும்னுதான் அன்னிலேருந்து காத்துட்டிருக்கேன்.”

அவர் உட்கார்ந்தார். அந்த விரல் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அவர் அவ்வளவு அழகா அடைச்சிருந்தார். பாத்துட்டே இருக்கலாம். போனதுக்கப்புறம் பாக்கறேன், மூலையில ஒரு சாண் விட்டுப்போயிருக்கு. வயசானவர். அண்ணிக்குத் தெரிஞ்சா முழுசா முடிக்கலைன்னு கத்துவா. துப்பாக்கியை வேற மறந்து வெச்சுட்டுப் போயிட்டார். அதுல பாதி ட்யூபு மிச்சம் இருந்துச்சு. எனக்குப் பிரிஞ்ச தையலைப் பாத்தாக் கை சும்மா இருக்காது. அவருக்கு ஒரு கெட்ட பேரு வர வேண்டாமேன்னு...”

“மழை வந்தப்போ?”

“இந்த ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். முதல்ல பெருமையா இருந்துச்சு. ஒரு சொட்டுக்கூட வெளிய போகல. என் மூலை அப்படியே நின்னுச்சு. தண்ணி ஏற ஏறத்தான் புரிஞ்சுது, அது வெளிய போயிருக்கணும்னு. கதவுக்குள்ள வந்ததும் என்ன பண்றதுன்னு தெரியாம ‘அண்ணா’ன்னு கத்தினேன். நான் கத்தலைன்னா அவர் இறங்கியிருக்க மாட்டார்.”

“தொட்டி?”

“அன்னி சாயங்காலமே நகத்தி வெச்சேன். எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தப்போ. எப்படி ஒத்தையா நகத்தினேன்னு தெரியல.” ஜன்னலைப் பார்த்தார். “அண்ணி அவ தப்புங்கறா. அண்ணன் அவர் தப்புங்கறார். நான் வாயே திறக்காம நடுவுல உக்காந்துட்டிருக்கேன். இடுக்குக்காரர் கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனதை இந்த ஜன்னல் வழியாத்தான் பாத்தேன். கூப்பிட்டிருக்கலாம்.”

“கூப்பிட்டிருந்தா நானும் இவங்ககிட்ட போயிருக்க மாட்டேன்,” என்றது ஒரு குரல்.

இடுக்குக்காரர் பின்கதவில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சித்தப்பா சொன்ன வேலையைச் செய்யாத சாட்சிகளை எனக்கு எப்போதுமே பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

தையலக்கா எழுந்தார். அலமாரியைத் திறந்து, துணிச்சுருள்களுக்குப் பின்னாலிருந்து அந்தப் பசைத் துப்பாக்கியை எடுத்தார். முனை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

“உங்களுது.”

“இங்கயா வெச்சேன்?” அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை வெச்சுட்டுப் போனது என் தப்புத்தான். அந்த மூலை தண்ணி போற வழி, அதைத் தொடாதீங்கன்னு சொல்லாமப் போனதும் என் தப்பு. முப்பத்தோரு வருஷத்துல யார்கிட்டயும் அதைச் சொன்னதில்ல. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்.”

“ஆரம்பிச்சுட்டாங்க,” என்று முனகினேன். சித்தப்பா என் காலை மிதித்தார்.

இடுக்குக்காரர் மறுபடி தளத்துக்குப் போனார். நாங்களும் போனோம். வானம் தாழ்ந்து கறுத்திருந்தது. மூலையில் மண்டியிட்டு, அந்த ஒரு சாண் அடைப்பை முனையிலிருந்து முனைக்கு விரலால் தடவினார்.

“நல்லா அடைச்சிருக்கீங்க,” என்றார். “நுரைக்கயிறு மட்டும் வெச்சிருந்தா, எது என் வேலைன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது.”

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. தையலக்கா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கேட்டில் ஹாரன் அடித்தது. ஒருமுறை, பிறகு நீளமாக இன்னொரு முறை. வெளியே தரை பள்ளம்; மதிலுக்கு மேலே ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

“அண்ணே! அஞ்சாச்சு! சாவி?”

“இருப்பா,” என்றார் இடுக்குக்காரர், திரும்பாமலே. “மழை வருது. அதுக்குள்ள இதைத் திறக்கணும்.”

பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து விரித்தார். பசையின் ஓரத்தில் வைத்தார்.

“குடுங்க,” என்றார் தையலக்கா.

“கையை வெட்டிக்குவீங்கம்மா.”

“நான் போட்டதை நான்தான் பிரிக்கணும். குடுங்க.”

இடுக்குக்காரர் கத்தியைத் திருப்பி, பிடியைத் தையலக்கா பக்கம் நீட்டினார். தையலக்கா மண்டியிட்டார். முதலில் ஒரு முனையின் பூட்டை அறுத்தார். பிறகு அடுத்த முனை. நடுவில் கத்தியே தேவைப்படவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுக்க, சாம்பல் நிற நாடா மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. அதன் அடிப்பக்கம் காங்கிரீட்டின் சொரசொரப்பு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. இடுக்கு வழியாக மதிலுக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே விழுந்தது.

முதல் துளிகள் தளத்தில் பட்டுப் பெரிய வட்டங்களாயின. சித்தப்பா மணியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் குறிப்பேட்டை மூடினேன். நான்காவது எண்ணை நான் எழுதவில்லை.

இடுக்குக்காரர் தரையில் கிடந்த வளைந்த ஸ்பூனை எடுத்தார். வண்டிச் சாவியும் அதே கையில் இருந்தது. சாவியை ஒருமுறை பார்த்தார். ஸ்பூனைக் கைக்குட்டையில் துடைத்து, சட்டைப்பையில் போட்டு, பையின் பட்டனை மாட்டினார்.

“அண்ணே, சாவி!” என்றது மதிலுக்கு மேலிருந்த தலை, நனைந்துகொண்டே.

தையலக்கா எழுந்திருக்கவில்லை. பசை நாடாவைக் கையில் சுருட்டியபடி, சரிந்து வருகிற தண்ணீர் அந்த இடுக்கைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். சித்தப்பாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“ஆஸ்பத்திரியில ஆறு மணிலேருந்து ஏழு வரைக்கும்தான் பாக்க விடுவாங்க,” என்றார் இடுக்குக்காரரிடம். “அண்ணன்கிட்ட இதைச் சொல்லணும். தனியாப் போனா, மின்விசிறியைப் பாத்துட்டுத் திரும்பி வந்துடுவேன். உங்க வண்டியில என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா? நான் சொல்லி முடிக்கிற வரைக்கும், கொஞ்சம் என் பக்கத்துல நிக்கறீங்களா?”